மைசூரில் நம்ம ஊர் எந்த எண்ணில் இருக்கிறது?

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் ஏதாவது ஒரு வயதில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை: "அப்பா, நம்ம ஊர் எவ்வளவு பழசு?" பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருப்பார்கள். பக்கத்து இருக்கைப் பையன் தன் கொள்ளுத் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய தேதியையே கொண்டு வந்திருப்பான். நாம் "ரொம்பப் பழசுடா, ராஜராஜ சோழன் காலத்துக் கோயில் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவோம்.

அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய கோயில் உள்ள ஊர் என்றால் அந்தக் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்க வாய்ப்பு அதிகம். அதை யாரோ ஒருவர் நூறு வருடத்துக்கு முன்னால் காகிதத்தில் படி எடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தப் படி உதகமண்டலம் வழியாக மைசூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அங்கே உங்கள் ஊர் உங்கள் ஊர்ப் பெயரில் இருக்காது, ஒரு எண்ணில் இருக்கும். அந்த எண் எப்படி வந்தது, அதை இன்றைய கணினிக்குள் எப்படிக் கொண்டு வருவது என்பதுதான் இந்தப் பதிவு. நமக்குப் பொட்டி தட்டுகிற பிழைப்பு. அதனால் தகவல் தளத்தில் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்ற சண்டை எனக்குத் தினப்படி சாப்பாடு. ஆனால் அந்தச் சண்டை கணினி வருவதற்கு நூறு வருடம் முன்பே நம் கல்வெட்டுகளை வைத்து நடந்திருக்கிறது.

காகிதம் எப்படி மைசூர் போனது

முதலில் 'படி' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த பந்தால் மேலே ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மற்ற இடமெல்லாம் கறுத்துவிடும். இதற்கு மைப்படி என்று பெயர்.

1886-இல் சென்னை மாகாண அரசு ஓய்கன் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டாய்வாளராக நியமித்தது. ஊர் ஊராகப் போய்ப் படி எடுக்கும் வேலை முறையாகத் தொடங்கியது அப்போதுதான். 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வெளியானது. ஹூல்ஷுக்குத் துணையாக இருந்த வெங்கய்யா அவருக்குப் பின் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் கிருஷ்ண சாஸ்திரி. அலுவலகம் உதகமண்டலத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 1966-இல் மைசூருக்கு மாறியது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்குத் தலைமையகம் மைசூர் ஆனது இப்படித்தான். (அரபி, பாரசீகக் கல்வெட்டுகளுக்குத் தனிப் பிரிவு நாக்பூரில் இருக்கிறது.)

இப்படி ஒரு வேடிக்கையான நிலை உருவானது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களின் காகித நிழல்கள் காவிரிக்கு மேற்கே ஓர் ஊரில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மைசூருக்கோ ஏற்கெனவே தனக்கென்று ஒரு கல்வெட்டு மரபு இருந்தது. அது வேறு மாதிரி எண் போட்ட மரபு.

இரண்டு கணக்குப்பிள்ளைகள்

ஒரு கடையில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சரக்கு வந்த வரிசையில் பேரேடு எழுதுகிறார்: இந்த வருடம் வந்த முதல் மூட்டை, இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை. இன்னொருவர் சரக்கு எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்த் தலைப்பில் எழுதுகிறார். இரண்டும் சரிதான். இரண்டுக்கும் பயன் வேறு.

சென்னை மாகாண அலுவலகம் முதல் வகை. அந்த வருடம் படி எடுத்த வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போட்டு, வருடத்தைச் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு ஆண்டறிக்கைகளில் செப்பேடுகளுக்கு 'ஏ' பட்டியல், கல்வெட்டுகளுக்கு 'பி' பட்டியல் என்று பிரித்தார்கள். குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எல்லோருக்கும் தெரியும். ஆய்வு நூல்களில் அவற்றின் அடையாளம் 1898-ஆம் ஆண்டின் 1, 2 எண்கள் என்பதுதான். இந்த 1898 கல்வெட்டின் காலம் அல்ல, படி எடுத்த காலம். கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது கி.பி. 919, 921.

மைசூர் சமஸ்தானம் இரண்டாவது வகை. பெங்களூரில் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், 'எபிகிராபியா கர்னாடிகா' என்ற பெயரில் 12 தொகுதிகளை வெளியிட்டார். முதல் தொகுதி குடகு, 1886. கோலார் தொகுதி 1905. மொத்தம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகள். அவர் மாவட்ட வாரியாகத் தொகுதிகளைப் பிரித்து, உள்ளே தாலுகாவுக்கு ஆங்கில எழுத்தில் ஒரு சுருக்கம் கொடுத்து, அதற்குள் எண் போட்டார். நஞ்சன்கூடு என்றால் 'என்ஜே', மாண்டியா என்றால் 'எம்டி', திருமகூடலு நரசிபுரம் என்றால் 'டிஎன்'.

இந்த 'டிஎன்'னைப் பாருங்கள். இன்றைக்கு ஒரு பிள்ளையிடம் 'டிஎன்' என்று காட்டினால் வண்டி நம்பர் பலகையை நினைத்துக்கொண்டு தமிழ்நாடு என்றுதான் சொல்லும். ஆனால் அது மைசூர் மாவட்டத்துத் தாலுகா. சோழர் காலத்தில் ராஜராஜபுரம் என்று பெயர் பெற்றிருந்த தலைக்காடு அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. சுருக்கக் குறியீட்டை அதன் விளக்கப் பட்டியல் இல்லாமல் கணினியில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எது நல்ல முறை?

ரைஸின் முறை வாசகனுக்கு வசதி. உங்கள் தாலுகா தெரிந்தால் போதும், நேரே போய்ப் பார்க்கலாம். ஆனால் தாலுகா என்பது கல்லில் பொறித்தது அல்ல. அரசாங்கம் கோடு போட்டது, அரசாங்கமே அழித்துப் போடும்.

கொள்ளேகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 மாநிலச் சீரமைப்பு வரை அது சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டம். பிறகு மைசூர் மாநிலம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மாநிலத்தின் பெயரும் 1973-இல் கர்நாடகம் என்று மாறியது. ஆகவே ரைஸின் தொகுதிகளில் கொள்ளேகாலத்தைத் தேடினால் கிடைக்காது, அவர் காலத்தில் அது அவர் எல்லைக்குள் இல்லை. சென்னை அறிக்கைகளில் கோயம்புத்தூருக்குக் கீழே தேட வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1972 முதல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் கொள்ளேகாலமும் சேர்ந்தது. ஆனால் அந்தப் பதிப்பில் தொகுதிப் பிரிவும் எண்களும் மாறிவிட்டன. எனவே ரைஸின் ஒரே கல்லுக்கு இன்று பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று.

வருட எண் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. 1898-இல் படி எடுத்தது என்றைக்கும் 1898-இல் படி எடுத்ததுதான். செங்கல்பட்டு மாவட்டம் போய்க் காஞ்சிபுரம் மாவட்டம் வந்தாலும் அந்த எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து உங்கள் ஊரை ஊகிக்கவே முடியாது. ஒரே கோயிலில் பல வருடங்கள் விட்டு விட்டுப் படி எடுத்திருந்தால், அந்தக் கோயில் பல அறிக்கைகளில் சிதறிக் கிடக்கும்.

இதை அக்காலத்தவரும் உணர்ந்தார்கள். வி. ரங்காச்சார்யா 1919-இல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், தாலுகா, ஊர் வாரியாக அடுக்கி மூன்று தொகுதிகள் கொண்டு வந்தார். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் தன் கல்வெட்டுகளை அரச மரபு வாரியாக அடுக்கி வெளியிட்டது. திருவரங்கம் கோயில் கல்வெட்டுகளை ஒன்றாகத் திரட்டி 1982-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதி வந்தது. ஆக, வருட வாரி, தாலுகா வாரி, அரச மரபு வாரி, கோயில் வாரி என்று நான்கு வகைப் பட்டியல். ஒரு கல்லுக்கு மூன்று நான்கு முகவரிகள்.

ஆவணக்காரர்கள் சொன்ன பதில்

இதே தலைவலி ஐரோப்பாவில் பழைய ஆவணங்களைக் காத்தவர்களுக்கும் இருந்தது. பொருள் வாரியாகக் கலைத்து அடுக்குவதா, வந்தபடியே வைப்பதா? 1841-இல் பிரான்ஸ் அரசின் சுற்றறிக்கை ஒன்று, ஓர் அலுவலகத்திலிருந்து வந்த காகிதங்களை ஒன்றாகவே வைக்க வேண்டும், மற்றவற்றோடு கலக்கக் கூடாது என்றது. 1898-இல் (ஆமாம், உத்திரமேரூரில் படி எடுத்த அதே வருடம்) டச்சு ஆவணக் காப்பாளர்கள் மூவர் எழுதிய கையேடு இதையே விதியாக்கியது. மூல ஒழுங்கைக் கலைக்காதே, தேடுவதற்குத் தனியாக அட்டவணை போட்டுக்கொள் என்பது சாரம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மைசூரில் இருக்கும் வருட எண் வெறும் எண் அல்ல. எந்தப் பயணத்தில், எந்த ஊரை ஒட்டி, எந்தக் கல்லுக்கு அடுத்து இது எடுக்கப்பட்டது என்ற சாட்சியம் அதில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எண் கொடுப்பது, தாத்தா எழுதிய பேரேட்டைக் கிழித்து அகர வரிசையில் ஒட்டுவதற்குச் சமம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். பொருளைப் பற்றிய விவரக் குறிப்பைத்தான் இன்று மெட்டாடேட்டா என்கிறார்கள். அதை எழுதப் பல தரமுறைகள் உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

டப்ளின் கோர்: 1995-இல் தொடங்கியது. பெயரைப் பார்த்து அயர்லாந்து என்று நினைக்க வேண்டாம், அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள டப்ளின். தலைப்பு, ஆக்கியோர், தேதி என்று மொத்தம் 15 கட்டங்கள். எளிது, மலிவு, உலகம் முழுக்கப் புரியும்.

இஏடி: ஆவணத் தொகுப்புகளுக்கானது. 1993-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வேலை தொடங்கி, 1998-இல் முதல் வடிவம் வந்தது. சர்வதேச ஆவணக் காப்பக மன்றத்தின் ஐசாட்-ஜி விதிகளோடு ஒத்துப்போகும். இதன் சிறப்பு அடுக்கு அடுக்காக விவரிப்பது. முழுத் தொகுப்பு, அதற்குள் ஒரு வருடம், அதற்குள் ஓர் ஊர், அதற்குள் ஒரு கோயில், அதற்குள் ஒரு படி. மேலே ஒரு தடவை சொன்னதைக் கீழே ஒவ்வொன்றிலும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

எபிடாக்: கல்வெட்டு வாசகத்துக்கே உரியது. எந்த வரி எங்கே முடிகிறது, எந்த எழுத்து சிதைந்திருக்கிறது, எதைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பினார் என்பதையெல்லாம் கணினிக்குப் புரியும்படி குறிக்கலாம். தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கல்வெட்டுகளுக்காக 2019-இல் ஐரோப்பிய நிதியில் தொடங்கிய 'தர்மா' திட்டம் இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

ஆக்கியோர் யார்?

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பேசும்போது சும்மா குணநலன்களைப் பட்டியல் போட்டுப் பயனில்லை. ஒரு கல்லை எடுத்துக் கட்டத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். உத்திரமேரூரையே போடுவோம்.

ஆக்கியோர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? பராந்தகன் ஆட்சியில் வந்தது, ஆனால் தீர்மானம் போட்டது ஊர்ச் சபை. காகிதத்தில் படி எடுத்தது தொல்லியல் அலுவலக ஊழியர்கள். படித்து அச்சிட்டவர் வெங்கய்யா. நாளைக்கு ஸ்கேன் செய்பவர் வேறு யாரோ. நான்கு பேரையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் வெங்கய்யா பத்தாம் நூற்றாண்டுக்காரர் ஆகிவிடுவார். தேதியும் அப்படியே. 919-ஆ, 1898-ஆ, அச்சான வருடமா, ஸ்கேன் செய்த வருடமா?

இதில் உண்மையில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: வைகுண்டப் பெருமாள் கோயில் கல், அதன் மைப்படி, அச்சான வாசகம், டிஜிட்டல் படம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு வேண்டும், நான்கையும் இணைக்கும் கயிறும் வேண்டும். டப்ளின் கோரின் விதிகளே ஒரு பொருளுக்கு ஒரு குறிப்பு என்றுதான் சொல்கின்றன. அவசரத்தில் பட்டியல் போடும்போது முதலில் காற்றில் பறப்பது அந்த விதிதான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரே தரமுறையைத் தேடுவதே தவறான கேள்வி. படிகளின் தொகுப்புக்கு இஏடி மாதிரி அடுக்கு விவரிப்பு, வாசகத்துக்கு எபிடாக், வெளியுலகம் தேட டப்ளின் கோரில் ஒரு சுருக்கம். ஆனால் மூன்றிலும் பழைய வருட எண்ணும், ரைஸின் எண் இருந்தால் அதுவும், திருத்திய பதிப்பு எண்ணும் மாறாமல் வர வேண்டும். நூறு வருட ஆராய்ச்சி முழுவதும் அந்த எண்களைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்று அடிக்குறிப்புகளுக்கு இன்னும் சாவி அதுதான்.

மொழி வாரியாகப் பிரித்தால்

இதெல்லாம் நூலகத்துக்காரர்கள் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரில் உள்ள தமிழ்க் கல்வெட்டுப் படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது நினைவிருக்கும். நம் வீட்டுப் பத்திரம் நம் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் 'தமிழ்க் கல்வெட்டு' என்று எதை வைத்துப் பிரிப்பது? கோலார், பெங்களூர் மாவட்டங்களில் ஏராளமான தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பெங்களூரு தொம்மலூர்க் கோயிலில்கூட இருக்கின்றன. மொழியைப் பார்த்தால் அவை சென்னைக்கு, இடத்தைப் பார்த்தால் மைசூரில். தமிழ்நாட்டிலேயே கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகத்தோடு ஆரம்பித்துத் தமிழில் தொடரும் சாசனங்கள் உண்டு. தமிழ் மொழியில், ஆனால் வட்டெழுத்தில் எழுதியவையும் உண்டு. மொழி ஒரு கட்டம், எழுத்து இன்னொரு கட்டம், இடம் மூன்றாவது கட்டம் என்று தனித்தனியாகக் குறித்திருந்தால் யாரும் எப்படியும் பிரிக்கலாம், மறுபடி சேர்க்கலாம். குறிக்காமல் காகிதத்தை மட்டும் பிரித்தால், ஒரே பயணத்தில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படிகள் இரண்டு மாநிலங்களில் இருக்கும், ஒன்றுக்கு மற்றது தெரியாது.

2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் 'பாரத் ஸ்ரீ' என்ற கல்வெட்டுக் களஞ்சியம் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகளை டிஜிட்டல் ஆக்குவது திட்டம். நல்ல செய்தி. ஒரு லட்சம் படம் என்பது பெரிய விஷயம்தான், ஆனால் விவரக் குறிப்பு இல்லாத ஒரு லட்சம் படம் என்பது பெயர் எழுதாத ஒரு லட்சம் மாத்திரை டப்பா.

நம் ஊர்ப் பக்கம் திருப்பணி என்ற பெயரில் சுவரைப் பிரித்துக் கட்டுவதும், கல்லைச் சுரண்டிப் பளபளப்பாக்குவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படிப் போன கல்லுக்கு மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அந்த மைப்படி. அதுவும் தேடிக் கிடைக்காத இடத்தில் இருந்தால், அந்த ஊர்க்காரன் தன் ஊரின் கதையை இரண்டாம் முறை இழக்கிறான்.

நீங்கள் தேடுவதானால்

பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் செய்யக்கூடிய வேலை இது.

முதலில் உங்கள் ஊரின் பழைய மாவட்டத்தைக் கண்டுபிடியுங்கள். இன்றைய மயிலாடுதுறை (2020), திருவாரூர் (1997), நாகப்பட்டினம் (1991) எல்லாம் அன்றைக்குத் தஞ்சாவூர். கடலூரும் விழுப்புரமும் 1993 வரை தென்னாற்காடு. கன்னியாகுமரிக்காரர்கள் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையைப் பார்க்க வேண்டும், புதுக்கோட்டைக்காரர்கள் சமஸ்தானத் தொகுதியை.

அடுத்து, வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டல். தஞ்சாவூர் 'டாஞ்சூர்', திருநெல்வேலி 'டின்னவெல்லி'. உத்திரமேரூரே பழைய நூல்களில் உத்தரமல்லூர். உங்கள் ஊரை எத்தனை விதமாகக் கெடுத்திருக்க முடியும் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். அந்த விளையாட்டு அவர்களுக்குப் பிடிக்கும்.

பிறகு ரங்காச்சார்யாவின் 1919 தொகுதிகளில் மாவட்டம், தாலுகா, ஊர் என்று இறங்குங்கள். பழைய பதிப்புகள் ஸ்கேன் வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. அதில் ஒரு வருடமும் எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆண்டறிக்கைக்குப் போனால் அரசன் பெயர், ஆட்சியாண்டு, மொழி, இரண்டு மூன்று வரிச் சுருக்கம் இருக்கும். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு இத்தனை ஆடு, ஒரு நிலத்துக்கு இத்தனை நெல் என்றுதான் இருக்கும். பரவாயில்லை. விளக்கு வைத்தவர் பெயர் இருக்கும், நிலத்தின் நான்கெல்லை இருக்கும், வாய்க்காலின் பெயர் இருக்கும். அதில் ஏதாவது ஒன்று இன்றும் உங்கள் ஊரில் அதே பெயரில் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கோ அத்தைக்கோ போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கிடைத்ததை எழுதி வைக்கும்போது நான்கு விஷயத்தைத் தனித்தனியாக எழுதுங்கள்: ஊர் (அன்றைய பெயர், இன்றைய பெயர் இரண்டும்), கல்வெட்டின் காலம், படி எடுத்த வருடமும் எண்ணும், எந்த நூலில் எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்பது. இந்த நான்கும் இருந்தால் உங்கள் பேரன் எந்த நாட்டில் இருந்தாலும், காகிதம் மைசூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், அதைத் தேடிப் பிடித்துவிடுவான்.